அரை மணி நேரம் இடைவெளி விட்டால் வரிசை கிடைத்துவிடுமா?

அரைத்தூக்கம்:
லினக்ஸில் குறித்த நேரத்துக்கு வேலைகளைத் தானாகத் தொடங்கும் கிரானில் மூன்று வேலைகள் வைத்திருக்கிறேன். இரவு 2:00 மணிக்கு டேட்டாபேஸ் டம்ப் (முழுத் தகவலையும் ஒரு கோப்பாக எடுப்பது), 2:30-க்கு அதைச் சுருக்குவது, 3:00-க்கு வேறு சர்வருக்கு அனுப்புவது. இரண்டு வருடமாகத் தொந்தரவே இல்லை. போன வாரம் பழைய தகவல் ஒன்று வேண்டியிருந்தது. பேக்கப்பைத் திறந்தால் பாதியில் அறுந்த கோப்பு! டேட்டா பெருத்துப்போய் டம்ப் 40 நிமிடம் எடுக்கிறது. 2:30-க்கு எழுந்த வேலை அரைகுறையைச் சுருட்டிக்கொண்டு போயிருக்கிறது. இடைவெளியை ஒரு மணி நேரம் ஆக்கலாமா, வேறு வழி உண்டா?

கருந்திரை:
இடைவெளியைக் கூட்டினால் இதே கோளாறு அடுத்த வருடம் வரும், அவ்வளவுதான். கிரானுக்கு மணி பார்க்கத்தான் தெரியும். முந்தையது முடிந்ததா என்று அது கேட்காது. ஒரே நிமிடத்துக்கு இரண்டு வரி போட்டாலும் இரண்டையும் கிளப்பிவிட்டுவிடும், ஒன்றுக்காக மற்றது காத்திருக்காது. மூன்றையும் ஒரே ஸ்கிரிப்ட்டில் போட்டு நடுவில் && வையுங்கள். முந்தையது நல்லபடியாக முடிந்தால்தான் அடுத்தது ஓடும். கிரானில் ஒரே வரி. வேலை முடிந்தது.

யூனிட்காரன்:
எங்கே முடிந்தது? டம்ப் எடுத்தாயிற்று, அனுப்பும்போது நெட்வொர்க் போகிறது. மறுபடி ஸ்கிரிப்ட்டை முதலிலிருந்து ஓட்டி இன்னொரு 40 நிமிடம் உட்காருவதா? லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியில் மூன்று சர்வீஸ் எழுதுங்கள், மூன்றும் ஒன்ஷாட் வகை, அதாவது ஒரு வேலையைச் செய்துவிட்டு முடிந்துவிடுபவை. நேரம் பார்த்து எழுப்பும் டைமர் முதலாவதுக்கு மட்டும். 2021-இல் வந்த 249-ஆம் பதிப்பிலிருந்து ஆன்சக்சஸ் என்று ஒரு வரி உண்டு: இது நல்லபடியாக முடிந்தால் அதைத் தொடங்கு என்று அர்த்தம். அனுப்புவது தோற்றால் அதை மட்டும் கையால் தொடங்கலாம். எது எப்போது விழுந்தது என்று சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் தனித்தனியாக இருக்கும்.

கருந்திரை:
மூன்று கட்டளைக்கு நான்கு கோப்பு. ஆறு மாதம் கழித்து வேறு ஆள் வந்து பார்த்தால், எது எதைத் தொடங்குகிறது என்று கோப்பு கோப்பாகத் துழாவ வேண்டும். ஸ்கிரிப்ட் என்றால் மேலிருந்து கீழே படித்தால் போதும்.

நடுச்சாமம்:
ஒரு அடைவில் உள்ள ஸ்கிரிப்ட்களையெல்லாம் ஓட்டும் ரன்-பார்ட்ஸை யாரும் சொல்லவில்லையே. ஒரு அடைவில் 10-டம்ப், 20-சுருக்கு, 30-அனுப்பு என்று பெயர் வைத்தால் அகர வரிசையில் ஒன்று முடிந்து ஒன்று ஓடும். தினசரி வேலைகளுக்கான கிரான்.டெய்லி அடைவு நடப்பதே இப்படித்தான். ஒரே எச்சரிக்கை: டெபியன் லினக்ஸில் பெயரில் புள்ளி இருந்தால் அந்தக் கோப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். '.எஸ்எச்' என்று முடித்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டேன்.

யூனிட்காரன்:
வரிசை சரி. ஆனால் 10 தோற்றாலும் 20 ஓடுமே? நிறுத்தச் சொல்லித் தனியாக ஆப்ஷன் கொடுக்க வேண்டும்.

பூட்டுச்சாவி:
பூட்டுப் போடும் கட்டளையான எஃப்லாக் போட்டு எல்லாவற்றுக்கும் ஒரே பூட்டு வைத்தால்?

கருந்திரை:
இரண்டு ஒரே நேரத்தில் ஓடாது, அவ்வளவுதான். யார் முதலில் பூட்டைப் பிடிக்கிறாரோ அவர்தான் முதலில். நேற்றைய டம்ப் இன்னும் ஓடும்போது இன்றையது கிளம்பாமல் தடுக்க எஃப்லாக் நல்லது. வரிசைக்கு அது ஆகாது.

அரைத்தூக்கம்:
யூனிட்காரன் சொன்னதைக் கொஞ்சம் மாற்றிச் செய்துபார்த்தேன். என் சிஸ்டம்டி பழையது, ஆன்சக்சஸ் இல்லை. அதனால் மூன்றுக்கும் பழைய நேரத்திலேயே டைமர் வைத்து, பின்னதில் முன்னதைக் குறித்து ரிக்வயர்ஸ் (அதையும் தொடங்கு), ஆஃப்டர் (அது முடிந்த பிறகு தொடங்கு) இரண்டும் போட்டேன். நேற்று இரவு டம்ப் 2:00-க்கு ஒரு முறை, 3:00-க்கு இன்னொரு முறை ஓடியிருக்கிறது!

யூனிட்காரன்:
ஓடத்தான் செய்யும். ஒன்ஷாட் முடிந்ததும் 'செயலில் இல்லை' நிலைக்குப் போய்விடும். 2:30-க்கு டம்ப் இன்னும் ஓடிக்கொண்டிருந்ததால் சுருக்கும் வேலை பேசாமல் காத்திருந்தது. 3:00-க்கு எல்லாம் முடிந்து ஓய்ந்த நிலை. அனுப்பும் வேலை சுருக்குவதை எழுப்ப, அது டம்ப்பை எழுப்பிவிட்டது. சங்கிலியின் கடைசிக் கண்ணிக்கு மட்டும் டைமர் வையுங்கள். அது மற்ற இரண்டையும் வரிசையாக இழுத்துவரும்.

கருந்திரை:
கடைசியில் இருப்பதைத் தொட்டால் முதலாவது ஓடுகிறது. இதைத்தான் எளிது என்கிறீர்களா?

யூனிட்காரன்:
உங்கள் && மட்டும் யோக்கியமா? டம்ப்பை நேராகச் சுருக்கும் கட்டளையான ஜிசிப்புக்குப் பைப்பில் விட்டால், கிடைக்கும் முடிவு ஜிசிப்புடையது. டம்ப் பாதியில் செத்தாலும் ஜிசிப் வந்ததைச் சுருக்கிவிட்டு வெற்றி என்று சொல்லும். && அதை நம்பி அனுப்பிவைக்கும்.

கருந்திரை:
அதை ஒப்புக்கொள்கிறேன். பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் போட வேண்டும்.

நடுச்சாமம்:
எந்த வழியில் போனாலும் இதையும் சேருங்கள்: டம்ப்பைத் தற்காலிகப் பெயரில் எழுதி, முடிந்த பிறகு அதே டிஸ்க் பகுதிக்குள் எம்வி கட்டளை கொண்டு உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். அந்தப் பெயர்மாற்றம் ஒரே நொடிப்பில் நடப்பது, பாதி நிலை கிடையாது. அனுப்பும் வேலை உண்மைப் பெயரை மட்டும் தேடட்டும்.

அரைத்தூக்கம்:
இப்போதைக்கு ஸ்கிரிப்ட்தான். பைப்ஃபெயில், பெயர்மாற்றம் இரண்டும் போட்டாயிற்று. அனுப்புவதை மட்டும் தனி ஸ்கிரிப்ட்டாகப் பிரித்து இதிலிருந்து அழைக்கிறேன், தோற்றால் அதை மட்டும் ஓட்டலாம்.

யூனிட்காரன்:
எந்த ஷெல் (கட்டளைகளை ஓட்டும் நிரல்) ஓட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்கிரிப்ட்டின் முதல் வரியில் பாஷ்தானே இருக்கிறது? டெபியனில் எஸ்எச் என்றால் டாஷ் என்ற வேறு ஷெல். பழைய டாஷுக்குப் பைப்ஃபெயில் தெரியாது, அந்த வரியிலேயே நின்றுவிடும்.

அரைத்தூக்கம்:
எஸ்எச் என்றுதான் இருந்தது. இப்போது மாற்றிவிட்டேன்.