போர்ட்ஃபோலியோவில் 40 படம் வைத்தும் வேலை கேட்டு யாரும் எழுதவில்லை: எதைக் கழிக்க, எதைத் திருத்த?

கேள்வி: தூரிகைமுனை

வணக்கம். புத்தக அட்டை, சிறுவர் கதைகளுக்கான உள்ளோவியம், லோகோ, கொஞ்சம் புகைப்படம் என நான்கு வகை வேலைகள் கைவசம் உள்ளன. தேடுவது பதிப்பகங்களிலும் பத்திரிகைகளிலும் ஓவிய வேலை. தளத்தின் இப்போதைய நிலை:

முகப்பில் 40 படங்கள், தேதி வரிசையில். ஒவ்வொன்றும் 4 முதல் 9 எம்பி வரை. மொபைலில் திறந்தால் வெகுநேரம் வெள்ளைத் திரைதான். இரண்டு அட்டைப்படங்களில் இலைப்பச்சை, போனில் கண்ணைக் குத்துகிற பச்சையாகத் தெரிகிறது. ஃபோட்டோஷாப்பில் சரியாக இருக்கிறது. மெயிலில் அனுப்ப 38 எம்பி பிடிஎஃப் ஒன்று வைத்திருக்கிறேன், அது போகவே மாட்டேன் என்கிறது. தொடர்புப் படிவத்தில் இதுவரை ஒரு கடிதமும் வந்ததில்லை.

எத்தனை வேலைகள் வைக்கலாம்? ஓவியர்கள் தங்கள் வேலையைக் காட்டும் பிஹான்ஸ் போன்ற பொதுத் தளம் போதுமா, சொந்த டொமைன் வேண்டுமா? இன்னும் வெளிவராத ஒரு புத்தகத்தின் ஓவியங்களைச் சிலருக்கு மட்டும் காட்ட வேண்டும். எந்தப் பக்கத்துக்குள் வர வேண்டாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபாட்ஸ் கோப்பில் அந்தப் பக்கத்தை விலக்கி வைத்தால் போதுமா?

பதில்: நடுமடிப்பு

முதலில் 40ஐ 12 ஆக்குங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பதிப்பகத்தில் படம் தேர்வு செய்கிறவர் கையில் ஏற்கெனவே ஒரு கதை இருக்கிறது. 'இந்தக் கதைக்கு இவர் வரைவாரா' என்ற ஒற்றைக் கேள்வியோடுதான் உங்கள் பக்கத்தைத் திறக்கிறார். லோகோவும் புகைப்படமும் ஊடே வந்தால் அந்தக் கேள்விக்குப் பதில் தள்ளிப்போகிறது, அவர் அடுத்த லிங்குக்குப் போய்விடுகிறார். ஆக, முகப்பில் அட்டையும் உள்ளோவியமும் மட்டும் இருக்கட்டும். மேலே ஒரே வரி: 'சிறுவர் நூல்களுக்கும் புத்தக அட்டைகளுக்கும் படம் வரைகிறேன்.' கனவு, பயணம், வண்ணங்களின் மீதான காதல் எதுவும் அங்கே வேண்டாம்.

தேதி வரிசையைக் கைவிடுங்கள். ஆகச் சிறந்தது முதலில், அதற்கு அடுத்தது கடைசியில். சுமாரானது ஒன்று இருந்தாலும் எடுத்துவிடுங்கள். வேலை தருகிறவர் தனக்கு அந்தத் தரம்தான் கிடைக்குமோ என்று கணக்குப் போடுவார். பதினொரு நல்ல படங்களை அந்த ஒன்று கீழே இழுத்துவிடும்.

சிறுவர் நூல் என்றால் தனித்தனி அழகான படங்கள் போதாது. படக்கதை நூல் பெரும்பாலும் 32 பக்கம். அத்தனை பக்கமும் அதே குழந்தை அதே குழந்தையாகவே தெரிய வேண்டும். எடிட்டரின் பெரிய கவலை அதுதான். ஒரே பாத்திரத்தை வைத்துக் குறைந்தது மூன்று இரட்டைப் பக்கங்கள் காட்டுங்கள்: ஒன்றில் முதுகுப்புறம், ஒன்றில் ஓட்டம், ஒன்றில் பெரியவர் ஒருவரோடு சேர்ந்து. கைவிரல்கள் தெரிகிற படம் ஒன்றாவது இருக்கட்டும். இரட்டைப் பக்கத்தில் நடுமடிப்பு எங்கே விழுகிறது என்பதையும் மெல்லிய கோட்டால் காட்டலாம். முகமோ கண்ணோ அந்தக் கோட்டில் விழுந்திருந்தால் அச்சு தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். அப்படிப்பட்ட படத்தை வைக்கவே வேண்டாம்.

அட்டைப்படத்தை வெறும் ஓவியமாக மட்டும் வைக்காதீர்கள். தலைப்பு எழுத்தோடு ஒன்று, எழுத்தில்லாமல் ஒன்று. தலைப்புக்கு எங்கே இடம் விட்டீர்கள் என்பது அப்போதுதான் புரியும். பக்கத்திலேயே அதே அட்டையை 150 பிக்சல் அகலத்தில் சிறியதாகவும் வையுங்கள். இணையக் கடையில் வாசகர் முதலில் பார்ப்பது அந்த அளவில்தான். அந்த அளவில் படம் சேறாகிவிட்டால் அட்டை தோற்றது என்று அர்த்தம்.

ஒவ்வொரு வேலைக்கும் மூன்று நான்கு வரிக் குறிப்பு போதும். இப்படி:

'சிறுவர் கதை, 32 பக்கம். அட்டையும் 14 உள்ளோவியங்களும் என்னுடையவை. எழுத்து வடிவமைப்பு பதிப்பகத்தார். வாட்டர்கலர், பிறகு டிஜிட்டலில் திருத்தம்.'

உங்கள் பங்கு எது, பிறர் பங்கு எது என்பது அதில் கட்டாயம் வர வேண்டும். இரண்டு வேலைகளுக்கு மட்டும் பென்சில் ஸ்கெட்ச், நிற முன்வரைவு, முடிவான படம் மூன்றையும் வரிசையாகக் காட்டுங்கள். எந்தக் கட்டத்தில் தான் திருத்தம் சொல்லலாம் என்பது எதிரே இருப்பவருக்கு அதில்தான் தெரியும்.

வெளியான வேலை குறைவு என்றால் பதிப்புரிமை முடிந்த ஒரு நாட்டுப்புறக் கதையை எடுத்து நீங்களே பிரீஃப் (வேலைக் குறிப்பு) எழுதிக்கொண்டு வரையலாம். 'தன்முயற்சி' என்று கீழே போட்டுவிடுங்கள். நிஜப் பதிப்பகத்தின் சின்னத்தை அதில் ஒட்டக் கூடாது.

பதில்: வலைத்தறி

பச்சை ஏன் குத்துகிறது என்றால், அந்த இரண்டும் அச்சுக்காக சிஎம்ஒய்கே-யில் (அச்சு மைகளுக்கான நிறமுறை) செய்த ஃபைல்கள். அப்படியே ஜேபெக்காகச் சேமித்திருப்பீர்கள். ஃபோட்டோஷாப் நிறப் புரொஃபைலை (ஃபைலில் உள்ள எண்கள் எந்த நிறத்தைக் குறிக்கின்றன என்ற குறிப்பு) படித்துச் சரியாகக் காட்டுகிறது. மொபைலில் உள்ள எல்லா ஆப்பும் அப்படிப் படிப்பதில்லை. ஃபைலை நகலெடுத்துக்கொண்டு எடிட் மெனுவில் 'கன்வெர்ட் டு புரொஃபைல்' போய் திரைகளுக்கான எஸ்ஆர்ஜிபி தேர்ந்தெடுங்கள். அதற்கு மேலேயே இருக்கிற 'அசைன் புரொஃபைல்' வேண்டாம். அது எண்களை அப்படியே விட்டுவிட்டு அவற்றுக்கான பொருளை மட்டும் மாற்றும், நிறம் இன்னும் கெடும். ஏற்றுமதி செய்யும்போது 'எம்பெட் கலர் புரொஃபைல்' பெட்டியில் டிக் இருக்கட்டும். அச்சு மூலத்தைத் தொடாதீர்கள்.

அளவுக்கு வருவோம். 40 படம், சராசரி 6 எம்பி என்றாலே 240 எம்பி. வெள்ளைத் திரைக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. முகப்புக் கட்டத்துக்கு நீளப் பக்கம் 800 பிக்சல், தட்டினால் திறக்கிற பெரிய படத்துக்கு 2000. ஜேபெக் தரம் 75 முதல் 80. கட்டப் படம் ஒன்று 100 கேபி என்றால் 12 படம் 1.2 எம்பி, அதுதான் இலக்கு. வாட்டர்கலரில் மட்டும் கணக்கு இடிக்கும். காகிதத்தின் சொரசொரப்பு சுருங்காது, அதே அளவுப் படம் இரண்டு மடங்கு கனக்கும். அதற்குத் தரத்தை 70 வரை இறக்கிப் பார்க்கலாம். தட்டையான நிறமும் கூர்மையான கோடும் உள்ள படத்துக்கு நேர்மாறு: ஜேபெக் போட்டால் கோட்டைச் சுற்றி அழுக்குப் படலம் தெரியும், பிஎன்ஜி அல்லது இழப்பில்லா வெப்பி போடுங்கள். ஸ்குவூஷ் என்ற இலவசக் கருவி பிரௌசரிலேயே ஓடும், முன்னும் பின்னும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அகலம், உயரம் இரண்டையும் பட டேக்கில் (பக்கத்தின் நிரலில் படத்தைச் சேர்க்கும் வரி) எழுதுங்கள். இல்லையென்றால் படம் வர வர பக்கம் குதிக்கும், பார்ப்பவர் தட்டப் போன இடம் நகர்ந்துவிடும். சோம்பல் ஏற்றம் எனப்படும் லேஸி லோடிங் (பார்ப்பவர் அருகில் வரும்போது மட்டும் படத்தை ஏற்றுவது) கீழே உள்ள படங்களுக்கு நல்லது, முதல் படத்துக்குப் போடாதீர்கள், அதுவே தாமதமாகும். திரையில் தெரிகிற மிகப் பெரிய உறுப்பு 2.5 விநாடிக்குள் வந்தால் நல்லது என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் மொபைல் பிரிவைப் பாருங்கள், டெஸ்க்டாப் எண் ஆறுதல் மட்டும்தான் தரும்.

ஃபைல் பெயரைத் தமிழில் வைக்காதீர்கள். லிங்கை நகலெடுத்து ஒட்டும்போது தமிழின் ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். உயிர்மெய்யில் துணைக்குறிக்குத் தனியாக இன்னொரு 9. மெயிலில் வரி உடைந்து லிங்க் செத்துப்போகும். சிறிய ரோமன் எழுத்தும் நடுவில் சிறுகோடும் போதும். தமிழை மாற்று உரையில் (படத்தை விவரிக்கும் மறைகுறிப்பு) எழுதுங்கள், தேடலுக்கும் பார்வையற்ற வாசகருக்கும் அங்கேதான் பயன். வாட்ஸ்அப்பில் லிங்கைப் பகிரும்போது படம் வர ஓப்பன் கிராஃப் டேக்கில் (பகிரும்போது எந்தப் படம் காட்ட வேண்டும் என்று சொல்லும் நிரல் வரி) 1200க்கு 630 பிக்சல் படத்தின் முழு முகவரியைக் கொடுக்க வேண்டும். பாதி முகவரி கொடுத்தால் முன்னோட்டம் வராது.

பிடிஎஃப்: ஜிமெயிலின் வரம்பு 25 எம்பி. இணைப்பு மெயிலுக்கென மாற்றி எழுதப்படும்போது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும், ஆகவே 19 எம்பிக்கு மேல் போனாலே சிக்கல். எதிர்முனை அலுவலகத்தின் வரம்பு இன்னும் சிறியதாக இருக்கலாம். 10 பக்கம், கிடைவாட்டம், 150 பிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 பிக்சல்), 5 எம்பிக்குள் முடியுங்கள்.

பிஹான்ஸா சொந்த டொமைனா? இரண்டும்தான். 2012இல் அடோபி வாங்கிய பிஹான்ஸில் தெரியாதவர் உங்களைக் கண்டுபிடிப்பார். விளையாட்டு, திரைப்படக் கருத்தோவியம் என்றால் அந்த இடம் ஆர்ட்ஸ்டேஷன் என்ற தளத்துக்கு. தெரிந்தவர் தேடி வருவதற்குச் சொந்த முகவரி. டொமைனை உங்கள் கணக்கில், உங்கள் மெயிலில் பதியுங்கள். தளம் செய்து தருகிறவர் கணக்கில் இருந்தால் ஒருநாள் அவரைத் தேடி அலைய வேண்டிவரும். தானாகப் புதுப்பிக்கும் வசதியை இயக்கி வையுங்கள். எளிய பக்கங்களுக்கு கிட்ஹப் பேஜஸ் என்ற தளம் வைக்கும் சேவை இலவசம், தளத்தின் மொத்த அளவு 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும். அடோபி போர்ட்ஃபோலியோ என்ற தளக் கருவி, ஃபோட்டோஷாப் போன்றவற்றுக்கான கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவோடு வரும்; சந்தா நின்றால் தளமும் நிற்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

தூரிகைமுனை

மிக்க நன்றி இருவருக்கும். கன்வெர்ட் செய்ததும் பச்சை சரியாகிவிட்டது. லோகோ வேலைகளை முழுக்க நீக்கிவிடவா? படிவமும் வெளிவராத புத்தகமும் இன்னும் பாக்கி. பெரிய படம் 2000 பிக்சல் என்றால் யாராவது எடுத்து அச்சடித்துவிட மாட்டார்களா என்றும் யோசனை.

பதில்: ஓரக்குறிப்பு

லோகோவை நீக்க வேண்டாம். அதே டொமைனில் தனிப் பக்கம் வையுங்கள், முகப்பில் அதற்குப் படம் கொடுக்காதீர்கள். லோகோ கேட்பவருக்கு அந்தப் பக்கத்தின் லிங்கை நேராக அனுப்பலாம்.

வெளிவராத புத்தகம்தான் இதில் ஆபத்தானது. ரோபாட்ஸ் கோப்பு யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கக்கூடிய பொதுக் கோப்பு. மறைக்க நினைக்கும் பக்கத்தின் முகவரியை அதில் எழுதுவது, ஒளித்து வைத்த இடத்தை வாசலில் எழுதி ஒட்டுவதற்குச் சமம். வேறெங்காவது அந்த முகவரிக்கு லிங்க் இருந்தால் தேடல் முடிவிலும் முகவரி வரக்கூடும். பக்கத்திலேயே 'நோஇண்டெக்ஸ்' (தேடலில் காட்டாதே என்ற குறிப்பு) போடலாம், ஆனால் அதைப் படிக்கத் தேடுபொறி உள்ளே வந்தாக வேண்டும். ரோபாட்ஸில் தடுத்துவிட்டு நோஇண்டெக்ஸ் போட்டால் இரண்டாவது வேலை செய்யாது. ஆகவே பாஸ்வேர்ட் போடுங்கள், அதுவும் சர்வர் அளவில் இருக்க வேண்டும். பார்ப்பவரின் பிரௌசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட்டில் கேட்கும் பாஸ்வேர்ட் பக்கத்தைத்தான் மறைக்கும், படத்தின் நேர் முகவரி தெரிந்தவருக்குப் படம் திறக்கும். கிட்ஹப் பேஜஸில் பொது ரெபாசிட்டரி (யாரும் பார்க்கக்கூடிய ஃபைல் தொகுப்பு) வைத்திருந்தால் இன்னொன்று: ஃபைலை அழித்தாலும் பழைய கமிட்டில், அதாவது முன்பு சேமித்த பதிவில், கிடக்கும். இந்த ஓவியங்களை அங்கே ஏற்றவே வேண்டாம்.

இதற்கெல்லாம் முன்னால் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். எந்தப் படங்கள், யாருக்கு, எந்த வடிவில் என்று குறிப்பிட்டுப் பதிப்பகத்துக்கு ஒரு மெயில் எழுதி, எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மறுத்தால் நூல் வெளியாகும் வரை காத்திருப்பது தவிர வழியில்லை. ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற பெயர் வந்துவிட்டால் எத்தனை நல்ல படத்தாலும் அதை அழிக்க முடியாது.

படிவம்: வெவ்வேறு நிறுவனங்களின் மூன்று மெயில் முகவரிகளிலிருந்து நீங்களே நிரப்பி அனுப்பிப் பாருங்கள், ஸ்பேம் ஃபோல்டரையும் பாருங்கள். இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, நிலைத் தளத்தில் (ஆயத்தப் பக்கங்களை மட்டும் காட்டும் தளம்) படிவத்தை வாங்கிக்கொள்ள சர்வரே இல்லை. 'நன்றி' என்று காட்டிவிட்டுக் கடிதம் காற்றில் போகும். இரண்டு, அனுப்புநர் இடத்தில் வருகையாளரின் முகவரியைப் படிவம் போட்டுவிடுகிறது. அவர் பெயரில் அனுப்ப உங்கள் சர்வருக்கு அனுமதி கிடையாது, அனுப்புநர் முகவரி உண்மையானதா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் கடிதம் விழுந்துவிடும். அனுப்புநராக உங்கள் டொமைன் முகவரியும், பதில் முகவரியாக வருகையாளரின் முகவரியும் இருக்க வேண்டும். எப்படியிருந்தாலும் மெயில் முகவரியை எழுத்தாகவே பக்கத்தில் போட்டுவிடுங்கள். பலருக்குப் படிவம் நிரப்பப் பிடிப்பதில்லை.

திருட்டு பற்றி: 300 பிபிஐ-யில் 2000 பிக்சல் என்பது 17 செ.மீ. சிறிய புத்தகத்துக்கு அது போதும் என்பதால் உங்கள் கவலை நியாயமானதே. 1400க்கு இறக்கினால் 12 செ.மீ. கூட வராது, திரையில் பார்க்க அது தாராளம். படத்தின் குறுக்கே பெரிய வாட்டர்மார்க் போடாதீர்கள், பார்க்க வந்தவருக்கே படம் தெரியாது. மெட்டாடேட்டாவில் (ஃபைலுக்குள் பதியும் விவரக் குறிப்பு) படைப்பாளர் பெயரும் உரிமைக் குறிப்பும் இருக்கட்டும்; புகைப்படங்களில் ஜிபிஎஸ் இருப்பிடத்தை மட்டும் நீக்குங்கள். 'எல்லா மெட்டாடேட்டாவையும் நீக்கு' என்று கொடுத்தால் சில கருவிகள் நிறப் புரொஃபைலையும் சேர்த்து உருவிவிடும், பழைய நிறச் சிக்கல் வேறு வடிவில் திரும்பும்.

பதில்: மூன்றாம்பத்தி

12 என்ற எண்ணில் ஒரு திருத்தம். அது நூல்களுக்குச் சரி. பத்திரிகை ஓவியத்தில் ஒவ்வொரு படமும் தனி வேலை, ஒரு கட்டுரைக்கு ஒன்று. ஆர்ட் டைரக்டர் வெவ்வேறு பொருள்களை எப்படிக் கையாளுகிறீர்கள் என்று பார்ப்பார். அங்கே 18, 20 வரை போகலாம். ஆனால் பாணி ஒன்றாக இருக்க வேண்டும். மூன்று பாணிகளைக் கலந்து வைத்தால், எது வரப்போகிறது என்று தெரியாமல் அவர் ஒதுங்கிவிடுவார். அப்படங்களில் நெட்டு, குறுக்கு, சதுரம் மூன்றும் இருக்கட்டும். பக்கத்தில் விழும் இடம் எப்போதும் ஒரே வடிவில் இருப்பதில்லை.

மெயில் எழுதும்போது முகப்பு லிங்கைக் கொடுக்காதீர்கள். அந்தப் பத்திரிகையின் சமீபத்திய இரண்டு இதழ்களைப் பார்த்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற மூன்று படங்களைச் சின்னதாக மெயில் உடலிலேயே வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் அதன் தனிப் பக்கத்துக்கு லிங்க் கொடுங்கள். பொருள் வரியில் 'வாய்ப்பு வேண்டி' என்று எழுதுவதைவிட 'அறிவியல் கட்டுரைகளுக்கான ஓவியங்கள், 3 மாதிரிகள்' என்று எழுதுங்கள். ஆறு மாதம் கழித்து ஓவியர் தேவைப்படும்போது அவர் தன் மெயில்பெட்டியில் தேடப்போவது அந்த வார்த்தைகளைத்தான்.