மறு: சுவாச சிகிச்சைப் படிப்பில் ‘மரபுசாரா மாணவர்’

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கச் சமுதாயக் கல்லூரிகளில் (community college) உள்ள சுவாச சிகிச்சை (respiratory therapy, மூச்சுவிடச் சிரமப்படுவோருக்கான சிகிச்சை) ஈராண்டுப் பட்டப் படிப்பு பற்றித் தமிழில் எழுதும்போது ‘student demographics’ என்பதற்கு ‘மாணவர் பின்புலம்’ என்றே போடலாம் என இந்தக் கலைச்சொல் இழையில் முடிவானது நல்லது. ‘மக்கள்தொகையியல்’ என்றால் வாசகர் சென்சஸ் பக்கம் போய்விடுவார்.

எனக்கு உடன்பாடு இல்லாதது, வழக்கமான பாதையில் வராத மாணவரைக் குறிக்கும் ‘non-traditional student’ என்பதற்கு இழையில் வந்த ‘மரபுசாரா மாணவர்’. மரபுசாரா எரிசக்தி என்று சொல்லிச் சொல்லி அந்த அடைமொழி காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் சொந்தமாகிவிட்டது. அதைவிட, இந்த மாணவர்களை ஏதோ விதிவிலக்கு போல ஒதுக்கிவைக்கிறது என்பதுதான் எனக்கு உறுத்தல்.

அமெரிக்கத் தேசியக் கல்விப் புள்ளிவிவர மையம் இத்தகைய மாணவர்களுக்கு ஏழு அடையாளங்கள் வைத்திருக்கிறது. பள்ளி முடித்த ஆண்டே சேராமல் தள்ளிச் சேர்வது, பகுதிநேரமாகப் படிப்பது, வாரம் 35 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்ப்பது, பெற்றோர் கையை எதிர்பாராமல் இருப்பது, பிள்ளைகளையோ வேறு யாரையோ காப்பாற்றுவது, அதையும் துணையின்றித் தனியாகச் செய்வது, பள்ளிச் சான்றிதழுக்குப் பதில் நிகரான தேர்வு எழுதி வருவது. வயது இதில் இல்லவே இல்லை. ஆகவே ‘முதிர் மாணவர்’ சரிவராது. கைக்குழந்தையோடு வகுப்புக்கு வரும் 19 வயதுப் பெண்ணை அது விட்டுவிடும்.

மருத்துவமனைப் பயிற்சி நாளைப் பாருங்கள். காலை ஷிஃப்டுக்கு வந்து வென்டிலேட்டரின் அளவுகளைச் சரிபார்க்க வேண்டும், மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுக்க வேண்டும். பல இடங்களில் அது 12 மணி நேர ஷிஃப்ட், பெரும்பாலும் சம்பளம் கிடையாது. பிள்ளையை யாரிடம் விடுவது, வேலையில் எந்த நாளை மாற்றிக் கேட்பது என்பதையெல்லாம் அதற்கு முன்பே தீர்த்துவிட்டுத்தான் வர வேண்டும். படிப்பு ஒரு பொறுப்பு, வீடோ வேலையோ இன்னொன்று. அதனால் ‘இருபொறுப்பு மாணவர்’ என்று முன்மொழிகிறேன். தள்ளிச் சேர்வதும் நிகர்த்தேர்வும் இதில் அடங்கா. அவற்றைத் தனியே சொல்லிவிடலாம்.

அப்புறம், ‘first-generation student’ என்பதற்கு ‘முதல் தலைமுறைப் பட்டதாரி’ என்பதும் பொருந்தாது. தமிழ்நாட்டில் அது ஒரு சலுகைச் சான்றிதழின் பெயர். அண்ணன் பட்டம் வாங்கியிருந்தால் தம்பிக்குக் கிடைக்காது. அமெரிக்காவில் பெற்றோர் நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களா என்றுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள், அக்கா தம்பி இருவருமே கணக்கில் வருவார்கள். இன்னும் படித்துக்கொண்டிருப்பவரைப் பட்டதாரி என்பதும் இடிக்கிறது. ‘முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்’ போதும்.

‘இருபொறுப்பு’ பற்றி, முக்கியமாக வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள், கருத்து எழுதுங்கள்.