தரம் 10 ஒப்படை: வாழ்க்கை வரலாறு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

பம்பலப்பிட்டி ரீச்சர்:
போன தவணை விபுலானந்தரைப் பற்றி எழுதச் சொன்னேன். 1892இல் காரைதீவில் பிறந்தார், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார், 1947இல் யாழ் நூல் வெளிவந்தது, அதே ஆண்டு மறைந்தார். கொப்பிக்குக் கொப்பி இதே வரிசைதான், இணையத்திலிருந்து அப்படியே இறக்கியது. இம்முறை வீட்டு மூத்தவர் ஒருவரைச் செவ்வி கண்டு எழுதட்டும், பிறகு தங்கள் கதையை எழுதட்டும் என்று யோசிக்கிறேன். என்ன சொல்கிறீர்கள்?

கொட்டாஞ்சேனை வாசகர்:
எனக்கு உடன்பாடில்லை ரீச்சர். நல்லதொன்றை வாசிக்காத பிள்ளை அம்மம்மாவிடமும் போய் "எப்போது பிறந்தீர்கள், எங்கே படித்தீர்கள்" என்றுதான் கேட்கும். உ.வே.சாமிநாதையரை எடுங்கள். தன் ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் சரித்திரத்தை 1930களில் இரண்டு பாகமாக எழுதினார். 1940இலிருந்து ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' எழுதினார். 1942இல் அவர் காலமானபோது அது முடிந்திருக்கவில்லை. அவர் பாடங்கேட்ட காலம் இரண்டிலும் வருகிறது. ஒன்றில் எல்லாம் ஆசிரியரைச் சுற்றி நடக்கிறது. மற்றதில், மாயூரம் வந்து, இவர் நம்மைச் சேர்த்துக்கொள்வாரா என்று தவிக்கும் பையனின் மனம் தெரிகிறது. இரண்டிலிருந்தும் ஒவ்வொரு பகுதி வாசித்துக் காட்டினால் வரைவிலக்கணமே தேவையில்லை.

வெள்ளவத்தை அம்மா:
என் பயம் வேறு. எங்கள் வீட்டில் 83 கலவரம் பற்றி யாரும் கதைப்பதில்லை. மகள் ஒப்படைக்காகக் கேட்டால் அப்பா சொல்லக்கூடும், ஆனால் அன்றிரவு நித்திரை கொள்ள மாட்டார். அதை வகுப்பில் உரத்து வாசிப்பீர்களா? அதற்குப் புள்ளி போடுவீர்களா? தன் கதையைச் சொல்வதா இல்லையா என்று முடிவெடுக்க வேண்டியவர் அதை வாழ்ந்தவர். 15 வயதுப் பிள்ளைக்கும் அந்த உரிமை உண்டு.

பம்பலப்பிட்டி ரீச்சர்:
அக்கா சொல்வது சரி. கேள்விகளை மூத்தவரிடம் முன்பே காட்டிச் சம்மதம் கேட்க வேண்டும், வேண்டாம் என்றால் வேறொருவர். சுயசரிதை விரும்பியவர்களுக்கு மட்டும், அதுவும் நான் மட்டுமே வாசிப்பேன். ஆனால் அண்ணா, வாசிப்பை மட்டும் முன்னால் வைத்தால் தவணை அதிலேயே முடிந்துவிடும். கேட்கப் பழகுவது எப்போது?

பொரளைத் தம்பி:
வீட்டுக்கும் பெரியோருக்கும் நடுவில் ஊர் இருக்கிறதே! எங்கள் பக்கம் பி. சரவணமுத்து மைதானம் இருக்கிறது. 1982இல் இலங்கை முதல் டெஸ்ட் ஆடிய இடம். அந்தப் பெயருக்குரியவர் யாரென்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். அவருடைய சகோதரர் டொக்டர் ரட்ணசோதி, 1937இல் கொழும்பின் மேயரானவர். ரட்ணசோதியின் மனைவி நேசம், 1932 இடைத்தேர்தலில் கொழும்பு வடக்கிலிருந்து அன்றைய சட்டசபையான அரசாங்க சபைக்குப் போனவர். இன்னொரு சகோதரர் மாணிக்கசோதி பினாங்கில் பத்திரிகை ஆசிரியராக இருந்து, ஆங்கிலத்தில் சுயசரிதையும் எழுதினார். அவர் தன்னைப் பற்றிச் சொல்வதை அந்தக்காலப் பத்திரிகைகளோடு ஒப்பிடலாம். ஒரு குடும்பத்துக்குள்ளேயே முழுப் பாடமும் இருக்கிறது.

கொட்டாஞ்சேனை வாசகர்:
நல்ல யோசனை தம்பி. ஆனால் ஒரு வகுப்பையே சுவடிகள் திணைக்களத்துக்குக் கூட்டிப் போய் 1932 பத்திரிகை புரட்ட வைப்பது நடக்கிற காரியமா? பாட நேரம் 40 நிமிடம்.

பொரளைத் தம்பி:
எல்லோரும் போகத் தேவையில்லை. தமிழ்ச் சங்க நூலகம் வெள்ளவத்தையிலேயே இருக்கிறது, 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் பழைய இதழ்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. எந்தத் திகதியையும் இரண்டு இடத்தில் பார்த்த பிறகே எழுதலாம் என்று ஒரு விதி வையுங்கள். இரண்டும் முரண்பட்டால் அதையும் எழுதட்டும், அதற்குத்தான் கூடுதல் புள்ளி.

வெள்ளவத்தை அம்மா:
இப்படியென்றால் மகளை நானே சங்கத்துக்குக் கூட்டிப் போவேன். அவளுக்கு நேசம் சரவணமுத்துவைக் கொடுங்கள் ரீச்சர்.

கொட்டாஞ்சேனை வாசகர்:
அதற்கு முன் இரண்டு பாடவேளை உ.வே.சா.வுக்கு வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பம்பலப்பிட்டி ரீச்சர்:
ஒரு பாடவேளை தருகிறேன் அண்ணா. எந்தப் பக்கங்கள் என்று நீங்களே குறித்து அனுப்புங்கள், திங்கட்கிழமை பிரதி எடுக்க வேண்டும்.