புதுப்பிப்பு: பின் சக்கர ‘கர்ர்’ சத்தம் தீர்ந்தது, காரணம் செயின் இல்லை

பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. என் பைக்கில் 40 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் பின்பக்கம் ‘கர்ர்’ என்ற சத்தம், ஆக்சிலரேட்டரைத் திருகும்போது ஒரு ‘டக்’. செயினைக் கழுவி ஆயில் விட்டு, தொய்வை 25 மி.மீ.க்குச் சரிசெய்தும் போகவில்லை என்று கேட்டிருந்தேன்.

முதலில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு வண்டியை உருள விட்டேன். சத்தம் அப்படியே இருந்தது, அதனால் இன்ஜின் இல்லை என்று தெரிந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, செயினைக் கழற்றிச் சக்கரத்தைக் கையால் சுற்றினால் சத்தமே இல்லை! செயின்தான் என்று முடிவுகட்டப் போனேன். நல்லவேளை, “ஸ்பிராக்கெட் ஹப்புக்கு (செயின் ஓடும் பல்சக்கரம் பொருத்தியிருக்கும் பாகம்) உள்ளே தனியாக ஒரு பேரிங் இருக்கும், பாருங்கள்” என்று ஒருவர் சொன்னது ஞாபகம் வந்தது. அதுதான் சரியான பதில். சக்கரத்தைக் கழற்றி அந்தப் பேரிங்குக்குள் விரலை விட்டுச் சுழற்றினேன். மணலை அரைப்பது போல நறநறத்தது. கிரீஸ் துளிகூட இல்லை, விரலில் துருத் தண்ணீர்தான் ஒட்டியது. செயின் இழுக்கும் பாரம் இல்லாததால்தான் கையால் சுற்றும்போது அது காட்டிக்கொடுக்கவில்லை.

எதிர்பாராதது: ‘டக்’ சத்தத்துக்குக் காரணம் வேறு. அந்த ஹப்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இழுவை அதிர்ச்சியைத் தாங்கும் கப்ளிங் ரப்பர் தேய்ந்து, ஹப் முன்னும் பின்னும் ஆடியது. இரண்டையும் மாற்றியாகிவிட்டது. புது பேரிங்கை இறக்கும்போது வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள், உள் வளையத்தில் தட்டினால் புதுசும் கெட்டுவிடும்.

அப்புறம் 400 கி.மீ. ஓட்டிவிட்டேன், சத்தம் இல்லை. வாட்டர் வாஷ் செய்பவர்களிடம் சக்கர நடுவில் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று இப்போது சொல்லிவிடுகிறேன்.