பயோகெமிஸ்ட்ரியா, பயோமெடிக்கல் சயின்ஸா? இங்கிலாந்துக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு

கேள்வி:

வணக்கம். ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் குடும்பத்தோடு இங்கிலாந்து வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. மகள் ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டாள். ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற மாதிரி படிப்பு வேண்டும் என்கிறாள். பல்கலைக்கழக விண்ணப்பத் தளமான யுகாஸில் தேடினால் பயோகெமிஸ்ட்ரி, பயோமெடிக்கல் சயின்ஸ், பயோமெடிக்கல் சயின்சஸ், மெடிக்கல் பயோகெமிஸ்ட்ரி என்று பக்கம் பக்கமாக வருகிறது. எல்லாம் ஒன்றுதானா? எதைப் போடுவது? முதல் வருடத்தில் பிள்ளைகள் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1:

ஒன்று இல்லை அண்ணா. ஆனால் பெயரை மட்டும் வைத்துப் பிரித்துவிடவும் முடியாது.

இந்த நாட்டில் ‘பயோமெடிக்கல் சயின்டிஸ்ட்’ என்பது சட்டப் பாதுகாப்புள்ள பெயர். எச்சிபிசி (சுகாதாரத் தொழில் செய்பவர்களைப் பதிவு செய்யும் அமைப்பு) பதிவேட்டில் இடம்பெறாதவர் அந்தப் பெயரில் வேலை பார்க்க முடியாது. பதிவேட்டில் ஏற வழக்கமான வழி இதுதான்: ஐபிஎம்எஸ் (இந்தத் துறையின் தொழில்முறை நிறுவனம்) அங்கீகரித்த பட்டம், அதோடு பயிற்சி அனுமதி பெற்ற ஒரு லேபில் ரெஜிஸ்ட்ரேஷன் போர்ட்ஃபோலியோவை (பயிற்சிக்கான சான்றுத் தொகுப்பு) முடிப்பது, அதைச் சரிபார்த்தபின் கிடைக்கும் சர்டிஃபிகேட் ஆஃப் காம்பிடன்ஸ் (தகுதிச் சான்றிதழ்), அதை வைத்து எச்சிபிசி விண்ணப்பம்.

எனவே முதலில் திறக்க வேண்டியது பல்கலைக்கழகத்தின் விளம்பரப் பக்கத்தை அல்ல, ஐபிஎம்எஸ் தளத்தில் இருக்கும் அங்கீகாரப் பட்டியலை. அதில் படிப்பின் முழுப் பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்று பாருங்கள். ஒரே பல்கலைக்கழகத்தில் ‘பயோமெடிக்கல் சயின்ஸ்’ பட்டியலில் இருக்கும். பக்கத்திலேயே நடக்கும் இன்னொரு பயோ படிப்பு இருக்காது. ‘சயின்சஸ்’ என்று முடிகிற படிப்புகள் பல, அதுவும் பெயர்பெற்ற ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில், ஐபிஎம்எஸ் அங்கீகாரம் இல்லாதவை. அவை மட்டமான படிப்பு என்று அர்த்தமில்லை. அவற்றின் நோக்கம் ஆராய்ச்சி, அவ்வளவுதான்.

பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பக்கத்தில் ‘அக்ரெடிட்டட்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். கொடுத்தது யார் என்று பாருங்கள். பயோகெமிஸ்ட்ரி பட்டங்களுக்கு ராயல் சொசைட்டி ஆஃப் பயாலஜி தருகிற அங்கீகாரம் மரியாதைக்குரியது; ஆனால் எச்சிபிசி பதிவுக்கு அது ஐபிஎம்எஸ் அங்கீகாரத்தின் இடத்தை நிரப்பாது.

பட்டம் மட்டும் கையில் இருந்து போர்ட்ஃபோலியோ இல்லாமல் நிற்பவர்கள் நிறையப் பேர். அந்த இடைவெளியில் மெடிக்கல் லேபரட்டரி அசிஸ்டன்டாகச் சேர்ந்து, லேப் எப்போது போர்ட்ஃபோலியோ கொடுக்கும் என்று காத்திருக்கிறார்கள். அதனால் ஓப்பன் டே போகும்போது கட்டட அழகைப் பார்ப்பதை விட்டுவிட்டு இதைக் கேட்கச் சொல்லுங்கள்: வகுப்பில் எத்தனை பேர், என்எச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) லேபில் ப்ளேஸ்மென்ட், அதாவது படிப்பின் நடுவே பயிற்சி பெறும் இடம் எத்தனை? இடத்தைப் பல்கலைக்கழகம் பிடித்துத் தருமா, மாணவரே தேட வேண்டுமா? அந்த வருடத்தில் போர்ட்ஃபோலியோ முழுதாக முடியுமா? சம்பளம் உண்டா? ‘வாய்ப்பு உண்டு’ என்று மட்டும் பதில் வந்தால் இடங்கள் குறைவு என்று புரிந்துகொள்ளலாம்.

ப்ளேஸ்மென்ட் கவலையே வேண்டாம் என்றால் பிஎஸ்சி ஹெல்த்கேர் சயின்ஸ், லைஃப் சயின்சஸ் பிரிவு என்று தேடுங்கள். எச்சிபிசியே ஒப்புதல் கொடுத்த இந்தப் படிப்புகளில் ஆஸ்பத்திரிப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கும். முடித்ததும் நேரே பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். நடத்தும் இடங்கள் குறைவு, ஊர்ப்பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது அதைவிடக் குறைவு.

பதில் 2:

மேலே சொன்னதோடு பயோகெமிஸ்ட்ரி பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். ரசாயனம் பிடிக்கிற பிள்ளை என்றால் பயோகெமிஸ்ட்ரிதான் இனிக்கும். புரத அமைப்பு, என்சைம் இயக்கம், வளர்சிதை மாற்றப் பாதைகள், மூலக்கூறு மரபியல் என்று ஆழமாகப் போகும். பயோமெடிக்கல் சயின்ஸ் அகலமாகப் போகும்: ஹெமட்டாலஜி (ரத்தவியல்), ரத்தமேற்று அறிவியல், கிளினிக்கல் பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி (நுண்ணுயிரியல்), செல்லுலார் பெதாலஜி (செல் நோயியல்), இம்யூனாலஜி (நோயெதிர்ப்பியல்) எல்லாவற்றிலும் கால் வைக்க வேண்டும்.

பயோகெமிஸ்ட்ரி படித்தால் ஆஸ்பத்திரிக் கதவு மூடிவிடும் என்பதும் சரியல்ல. என்எச்எஸ்ஸின் எஸ்டிபி (சயின்டிஸ்ட் ட்ரெய்னிங் ப்ரோக்ராம்) என்ற 3 வருடப் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். அது ‘கிளினிக்கல் சயின்டிஸ்ட்’ என்ற வேறொரு பாதுகாக்கப்பட்ட பெயருக்குக் கொண்டுபோகும். போட்டி மிகக் கடுமை, அதை மட்டும் நம்பி மூன்று வருடம் படிக்க வைக்காதீர்கள்.

இடையில் மனம் மாறினால்? அங்கீகாரமில்லாத பட்டத்தை ஐபிஎம்எஸ்ஸிடம் மதிப்பீட்டுக்கு அனுப்பினால், எந்தெந்தப் பாடம் குறைகிறது என்று எழுத்தில் தருவார்கள். அந்தப் பாடங்களை மட்டும் டாப்-அப் மாட்யூலாகப் படித்துச் சேர்க்கலாம். வழி இருக்கிறது, பணமும் காலமும் கூடுதலாகப் போகும்.

பதில் 3:

கட்டணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே! அண்ணா, உங்கள் நிலையில் முதல் கேள்வியே அதுதான்.

இங்கிலாந்தில் ‘ஹோம்’ கட்டணம் 2025-26க்கு வருடம் அதிகபட்சம் 9,535 பவுண்டு. ‘ஓவர்சீஸ்’ என்று வகைப்படுத்தினால் லேப் படிப்புக்கு அதைப்போல இரண்டு மடங்குக்கு மேலும் போகலாம். ஹோம் கிடைக்கப் பொதுவான நிபந்தனை இரண்டு: படிப்பின் முதல் கல்வியாண்டு தொடங்கும் நாளில் நிரந்தர வசிப்புரிமை இருக்க வேண்டும், அதற்கு முந்தைய மூன்று வருடங்கள் இங்கே வழக்கமாக வசித்திருக்க வேண்டும். ஸ்கில்டு வொர்க்கரின் பிள்ளை, வந்து ஒரு வருடம் என்றால் ஓவர்சீஸ்தான். ஸ்டூடன்ட் ஃபைனான்ஸ் கடனும் கிடைக்காது. ‘இரண்டாம் வருடம் படிக்கும்போது பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வந்துவிடும், கட்டணம் இறங்கிவிடும்’ என்று கணக்குப் போடாதீர்கள். பொதுவாகத் தொடக்க நாளின் நிலையைத்தான் பார்ப்பார்கள். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்கு விதிகள் தனி.

அவசரமில்லை என்றால் இன்னொரு பாதையும் பாருங்கள். வேலை பார்த்துக்கொண்டே பட்டம் படிக்கும் ஹெல்த்கேர் சயின்ஸ் ப்ராக்டிஷனர் டிகிரி அப்ரென்டிஸ்ஷிப்பில் மாணவர் கட்டணமே கட்டுவதில்லை, சம்பளமும் உண்டு. அதற்கு மூன்று வருட வசிப்பைக் கேட்பார்கள். டிபென்டன்ட் விசாவில் வேலை பார்க்கத் தடையில்லை என்பதால் இடைப்பட்ட காலத்தில் லேப் அசிஸ்டன்ட் வேலைக்கு முயலலாம். லேபில் இருப்பவருக்கு அப்ரென்டிஸ் இடம் திறப்பது முதலில் காதில் விழும். விதிகள் மாறுகிறவை, விண்ணப்பிக்கும் மாதத்தில் இருக்கும் விதியைப் படியுங்கள்.

பதில் 4:

யுகாஸில் ஐந்து இடம் போடலாம். ஐந்திலும் ஒரே மாதிரி மதிப்பெண் கேட்கிற பல்கலைக்கழகங்களைப் போடாமல் மேலும் கீழுமாகப் போடுங்கள். கெமிஸ்ட்ரி பல இடங்களில் கட்டாயம், பயோகெமிஸ்ட்ரிக்கு அநேகமாக எல்லா இடத்திலும். ஊர் பன்னிரண்டாம் வகுப்பை நேரடி முதல் வருடத்துக்கு ஏற்கிறவர்களும் இருக்கிறார்கள், ஃபவுண்டேஷன் வருடம் (முதல் வருடத்துக்கு முந்தைய ஆயத்த வருடம்) கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். வாரியத்தைப் பொறுத்துக் கேட்கும் சதவீதமும் மாறும். மின்னஞ்சலில் கேட்டு பதிலைப் பத்திரப்படுத்துங்கள். கேம்பிரிட்ஜில் பயோகெமிஸ்ட்ரி என்று தனியாகத் தேடினால் கிடைக்காது. நேச்சுரல் சயின்சஸில் சேர்ந்துதான் பிறகு அந்தப் பக்கம் போக வேண்டும்.

விண்ணப்பத்தில் மாணவர் தன்னைப் பற்றி எழுதும் பர்சனல் ஸ்டேட்மென்ட் 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரை இல்லை. மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 350. ‘சிறு வயதிலிருந்தே அறிவியல் ஆர்வம்’ என்று இடத்தை வீணாக்க வேண்டாம். ஒரு ஹீமோகுளோபின் மாறுபாடு ரத்தப் பரிசோதனையில் எப்படித் தெரிகிறது என்று நான்கு வரி எழுதினால் அது பேசும்.

பயோமெடிக்கலில் சேர்ந்து அங்கிருந்து மெடிசினுக்குத் தாவலாம் என்று யாராவது சொன்னால் எந்தப் பல்கலைக்கழகம், வருடத்துக்கு எத்தனை இடம் என்று கேளுங்கள். சில இடங்களில் மட்டும் உண்டு, அதுவும் கை விரலில் எண்ணுகிற அளவுக்கு. பட்டம் முடித்து, பட்டதாரிகளுக்கான 4 வருட மெடிசின் படிப்பான கிராஜுவேட் என்ட்ரிக்குப் போவது வேறு விஷயம்.

பதில் 5:

முதல் வருடத் தடுமாற்றம் கேட்டிருந்தீர்கள். மனப்பாடத்தில் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் இங்கே முதலில் சறுக்குகிறார்கள். செல் சர்க்கரையை உடைக்கும் கிளைக்கோலிசிஸின் பத்துப் படியையும் ஒப்பிப்பார்கள். ஆனால் தாளில் வருவது ஒரு வரைபடம், ‘இந்தத் தடுப்பானைச் சேர்த்ததும் கோடு ஏன் இப்படி மாறியது?’ என்ற கேள்வி.

லேபில் சறுக்குவது பெரும்பாலும் சின்னக் கணக்கில். பத்து மில்லிகிராம்/மில்லி புரதக் கரைசலிலிருந்து 0.5 மில்லிகிராம்/மில்லி, மொத்தம் 2 மில்லி வேண்டும். 0.1 மில்லி கரைசலை எடுத்து 1.9 மில்லி நீரில் சேர்க்க வேண்டும். 2 மில்லி நீரில் சேர்த்தால் மொத்தம் 2.1 ஆகிவிடும், அதற்குப் பின் வரும் எல்லா எண்ணும் தப்பு. அதேபோல் பத்தில் ஒன்றாக நீர்ப்பது என்றால் ஒரு பங்கு கரைசலும் ஒன்பது பங்கு நீரும். ஒன்றும் பத்தும் அல்ல.

சிறு அளவுத் திரவத்தை அளந்து எடுக்கும் பிப்பெட்டில் கட்டைவிரலுக்கு இரண்டு நிறுத்தம் இருக்கும். முதல் நிறுத்தம் வரை அழுத்தி உறிஞ்ச வேண்டும், வெளியேற்றும்போதுதான் இரண்டாவது வரை. இரண்டாவது வரை அழுத்தி உறிஞ்சினால் அளவு கூடிவிடும், கண்ணுக்குத் தெரியாது. சந்தேகம் வந்தால் 1,000 மைக்ரோலிட்டர் நீரைத் தராசில் எடை போடுங்கள், ஒரு கிராம் வர வேண்டும். 200 மைக்ரோலிட்டர் பிப்பெட்டில் 5 மைக்ரோலிட்டர் எடுக்க முயலாதீர்கள், அதற்குச் சின்னது இருக்கிறது.

ட்ரிஸ் பஃபர் (பி.எச். அதாவது அமில-கார அளவை நிலையாக வைக்கும் கரைசல்) வெப்பத்துக்கு ஆடும். 25 டிகிரியில் பி.எச். 8.0 என்று சரிசெய்து 4 டிகிரி குளிரறையில் வைத்தால் சுமார் 8.6 ஆகிவிடும். என்சைம் வேலை செய்யவில்லை என்று என்சைமைத் திட்டுவார்கள். எந்த வெப்பத்தில் பயன்படுத்தப் போகிறோமோ அந்த வெப்பத்தில் சரிசெய்ய வேண்டியதுதான்.

மாதிரியைச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜில் ஆர்.பி.எம். (நிமிடத்துக்குச் சுற்று) வேறு, ஜி (ஈர்ப்பு விசையின் மடங்கு) வேறு. ரோட்டர் ஆரம் 8 சென்டிமீட்டர் என்றால் 10,000 ஆர்.பி.எம். ஏறக்குறைய 8,900 ஜி. கையேட்டில் ‘10,000 ஜி’ என்றிருக்க 10,000 ஆர்.பி.எம். போட்டால் படிய வேண்டியது சரியாகப் படியாது. குழாய்களை எதிரெதிரே எடை சமமாக வைக்காமல் மூடியைச் சாத்தினால் டெமான்ஸ்ட்ரேட்டர் (லேப் உதவி ஆசிரியர்) ஓடி வருவார், அது நியாயம்.

ஒளி உறிஞ்சலை அளக்கும் பாடத்தில் என்ஏடிஎச் (பல என்சைம்களோடு சேர்ந்து வேலை செய்யும் மூலக்கூறு) அடிக்கடி வரும். 340 நானோமீட்டரில் அதன் மோலார் உறிஞ்சல் கெழு 6,220. ஒரு சென்டிமீட்டர் குவெட்டில் (மாதிரி ஊற்றும் சின்னக் கலம்) 0.311 காட்டினால் செறிவு 50 மைக்ரோமோலார். இந்த வகுத்தல் கனவிலும் வர வேண்டும். புரத அளவைக் காணும் பிராட்ஃபோர்டு சோதனையை 595 நானோமீட்டரில் படிப்பார்கள். தெரிந்த செறிவுகளை வைத்து வரைந்த ஸ்டாண்டர்டு வரைபடத்தின் உச்சியைத் தாண்டிய மாதிரியைக் கோட்டை நீட்டிக் கணக்கிடக் கூடாது, நீர்த்துத் திரும்பப் படிக்க வேண்டும். மாதிரியில் எஸ்டிஎஸ் போன்ற டிடர்ஜென்ட் இருந்தால் பிராட்ஃபோர்டே குழம்பும்.

என்சைம் வேகத்துக்கு லைன்வீவர்-பர்க் நேர்கோட்டைப் பாடத்தில் கற்றுத்தருவார்கள். குறைந்த செறிவில் உள்ள சின்னப் பிழையை அது பூதாகாரமாக்கும். அறிக்கையில் கெஎம் (பாதி வேகம் கிடைக்கும் செறிவு), விமேக்ஸ் (உச்ச வேகம்) மதிப்புகளைக் கணினியில் வளைகோட்டைப் பொருத்தியே எடுங்கள்.

ஒரே குழாயிலிருந்து மூன்று முறை எடுத்து ‘மாதிரி எண்ணிக்கை மூன்று’ என்று எழுதுவது அடுத்த வழக்கமான தப்பு. அது அளவீட்டின் துல்லியத்தை மட்டும் காட்டும். தனித்தனியாக வளர்த்த மூன்று கல்ச்சர் (செல் வளர்ப்பு) என்றால்தான் மூன்று.

பதில் 6:

லேப் பார்ட்னரோடு எண்களைப் பகிரலாம், அறிக்கையைப் பகிரக் கூடாது. நம் பிள்ளைகள் நட்புக்காக ஃபைலை அனுப்பிவிடுவார்கள். பெரும்பாலான இடங்களில் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒன்றாக விசாரணைக்குப் போவார்கள். லேப் நோட்டில் பேனாவால் எழுதி, தப்பை ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும்.

மதிப்பெண்ணைப் பார்த்து வீட்டில் சண்டை வேண்டாம். இங்கே 70 எடுத்தால் முதல் வகுப்பு. 60 முதல் 69 வரை ‘டூ-ஒன்’, பெரும்பாலான வேலைக்கும் மேற்படிப்புக்கும் அது போதும். 62 வந்தால் ‘மீதி 38 எங்கே?’ என்று கேட்காதீர்கள். முதல் வருட மதிப்பெண் பல இடங்களில் பட்ட வகுப்பில் சேராது. அதை நம்பி விளையாடவும் கூடாது: ப்ளேஸ்மென்ட் விண்ணப்பம் இரண்டாம் வருடத் தொடக்கத்தில் வரும்போது கையில் காட்ட இருப்பது அந்த மதிப்பெண் மட்டும்தான்.

ப்ளேஸ்மென்டுக்கு டிபிஎஸ் சோதனையும் (குற்றப் பின்னணிச் சோதனை) தடுப்பூசிப் பதிவும் கேட்பார்கள். ஹெபடைட்டிஸ் பி வழக்கமான அட்டவணையில் மூன்று தவணை, முடிய ஆறு மாதம். இடம் உறுதியானபின் தொடங்கினால் நேரம் போதாது. ஊரில் போட்ட தடுப்பூசி அட்டை இருந்தால் இப்போதே ஸ்கேன் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

நன்றி. கட்டண விஷயம் தெரியாமலே இருந்தோம். இன்னொன்று: மனைவி ஊரில் பிஎஸ்சி பயோகெமிஸ்ட்ரி முடித்தவர். அவருக்கு இங்கே ஏதாவது வழி உண்டா?

பதில் 1:

உண்டு அண்ணா. முதலில் வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் யுகே எனிக்கில் பட்டத்துக்குச் சமமதிப்புச் சான்று வாங்கச் சொல்லுங்கள். பிறகு ஐபிஎம்எஸ் பட்ட மதிப்பீடு. அதற்கு மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது, ஒவ்வொரு பாடத்திலும் என்ன நடத்தினார்கள் என்ற சிலபஸ் வேண்டும். படித்த கல்லூரியிலிருந்து முத்திரையோடு சிலபஸ் வாங்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும், அதை முதலில் தொடங்குங்கள். குறைகிற பாடங்களின் பட்டியல் வரும்வரை காத்திருக்காமல் லேப் அசிஸ்டன்ட் வேலைகளுக்கு என்எச்எஸ் ஜாப்ஸில் விண்ணப்பிக்கலாம். நேர்முகத்தில் அந்த லேபுக்கு ஐபிஎம்எஸ் பயிற்சி அனுமதி இருக்கிறதா என்று அக்காவையும் கேட்கச் சொல்லுங்கள்.