டீசல் பிக்கப்: மலை இறக்கத்துக்கு ஆட்டோ கியரா, மேனுவலா?

கேரட்காடு:
வணக்கம். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் கொண்டுபோகிறோம். பழைய பிக்கப்பைக் கொடுத்துவிட்டு டொயோட்டா ஹைலக்ஸ் எடுக்கலாமா என்று யோசனை. ஆட்டோ கியர் வேண்டவே வேண்டாம், இறக்கத்தில் வண்டி பிடிக்காது என்கிறார் அப்பா. ஆனால் டெக்சாஸில் இருக்கும் மாமா ராம் 3500 என்ற பெரிய டீசல் பிக்கப்பில் ஆட்டோ கியர் வைத்துத்தான் பெரிய டிரெய்லர் இழுக்கிறார். அப்புறம், ஹைலக்ஸில் அதே 2.8 லிட்டர் இன்ஜினுக்கு டார்க் (இன்ஜினின் சுழற்றும் இழுவை) மேனுவலில் 420 நியூட்டன் மீட்டர், ஆட்டோவில் 500 என்று போட்டிருக்கிறார்களே, அது ஏன்?

குன்னூர் ஸ்டியரிங்:
தம்பி, அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆட்டோ லீவரை டி-யில் (டிரைவ்) போட்டு இறங்கினால் கால் பிரேக்கிலேயேதான் இருக்கும், குஞ்சப்பனை வருவதற்குள் லைனிங் தீயும் வாடை வந்துவிடும். லீவரை எஸ் பக்கம் தள்ளி 2-இல் வையுங்கள், அதற்கு மேல் கியர் ஏறாது. ஏறின கியரிலேயே இறங்கு என்பது ஆட்டோவுக்கும்தான். நியூட்ரலில் உருட்டுவது எந்த வண்டியிலும் கூடாது.

ஊட்டி பட்டறை:
டார்க் கணக்குக்கு வருகிறேன். மேனுவலில் அத்தனை இழுவையையும் கிளட்ச் பிளேட்டும் கியர் பல்லும் தாங்க வேண்டும், அதனால் கம்பெனியே இன்ஜினை அடக்கி வைக்கிறது. உங்கள் மாமா ஊர் வண்டியிலும் இதே கதைதான்: 2018 ராமில் அதே 6.7 லிட்டர் கம்மின்ஸ் இன்ஜினுக்கு மேனுவலில் 660 பவுண்டு-அடி, ஐசின் கம்பெனி ஆட்டோ கியரில் 930. அந்த வருடத்தோடு ராமில் மேனுவலே போய்விட்டது. ஆட்டோவில் டார்க் கன்வெர்ட்டர் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்துகிறது, வண்டி கிளம்பும்போது இழுவையைப் பெருக்கியும் கொடுக்கிறது. கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்று, லோடோடு ஹாஃப் கிளட்சில் தொங்க வேண்டிய நேரத்தில் அதன் அருமை தெரியும். ஆனால் அந்தச் சூடெல்லாம் ஆயிலில்தான் இறங்கும், ஆகவே லோடு வண்டிக்கு கியர் ஆயிலைச் சீக்கிரமே மாற்றுங்கள்.

இறக்கத்தில் மாமாவுக்கு எக்ஸாஸ்ட் பிரேக் இருக்கிறது, டர்போவிலேயே புகையை அடைத்து இன்ஜினைப் பிடிக்கும். நம் பிக்கப்புகளில் அது கிடையாது. பெட்ரோலைப்போல உள்ளே போகும் காற்றை நெரித்துப் பிடிப்பதும் டீசலில் இல்லை. கியர் ஒன்றுதான் துணை.

மண்டி வண்டி:
எல்லாம் சரி, ஹைலக்ஸில் எத்தனை மூட்டை ஏறும் என்று பார்த்தீர்களா? பொலேரோ பிக்கப் ஏற்றுவதில் பாதிகூட அது ஏற்றாது. வீட்டுக்கும் தோட்டத்துக்கும் என்றால் ஹைலக்ஸ் ஆட்டோவே எடுங்கள், அருமையான வண்டி. தினமும் மண்டிக்கு என்றால் பொலேரோ மேனுவல்தான், கிளட்ச் பிளேட் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.