ட்ரிப்ஸ் ஏத்தியும் "வலி பத்தல"ன்னு சிசேரியன் பண்ணிட்டாங்க, ஏன் இப்படி ஆகுது?

பூங்கொடி_87:
எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இதுதான் முதல் பதிவு. என் தங்கச்சிக்கு போன மாசம் தலைப்பிரசவம். 39 வாரம் முடிஞ்சு ராத்திரி தானாவே வலி எடுத்துச்சு, ஆஸ்பத்திரிக்கு போறப்பவே கர்ப்பப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்திருக்குன்னாங்க, நாங்களும் காலைல குழந்தை பொறந்துடும்னு சந்தோஷமா இருந்தோம். 6 வந்ததும் அப்படியே நின்னுடுச்சு. வலி வருது போகுது ஆனா பத்தலன்னு ட்ரிப்ஸ் போட்டாங்க, கூட்டினாங்க, இன்னும் கூட்டினாங்க, கடைசியில சாயந்திரம் ஆபரேஷன். தாயும் புள்ளையும் நல்லா இருக்காங்க, அதுல குறை ஒண்ணும் இல்ல.

ஆனா எனக்கு மண்டைய குடையுது. வலி வர்ற மருந்தையே நேரா நரம்புல ஏத்துறாங்க, அப்புறமும் எப்படி வலி பத்தாம போகும்? அங்க இருந்த ஒருத்தங்க "இவளுக்கு முக்கவே தெரியல"ன்னு சொல்லிட்டாங்க, வீட்டுக்கு வந்தா அவ மாமியார் "ஒம்போது மாசமும் படுத்தே கிடந்தா எப்படி வரும்"ங்கறாங்க. அவ தினம் அதையே நினைச்சு அழறா. விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் சொல்லுங்க ப்ளீஸ்.

லேபர்ரூம்_அக்கா:
22 வருஷமா பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸா இருக்கேன்மா. மொதல்ல ஒண்ணு சொல்றேன், 6 சென்டிமீட்டர்ல யாரும் முக்கவே கூடாது. 10 முழுசா திறந்தப்புறம்தான் முக்கச் சொல்லுவோம். அதனால "முக்கத் தெரியல"ங்கறது உங்க தங்கச்சி கேஸுக்கு பொருந்தவே பொருந்தாது, அலுப்புல சொல்லியிருப்பாங்க, எங்க வார்டுலயும் அப்படி பேசுறவங்க உண்டு, என்னத்த சொல்ல.

ரெண்டாவது, நம்ம ஊர்ல கர்ப்பப்பை சுருங்குறதுக்கும் வலின்னுதான் பேரு, வேதனைக்கும் வலின்னுதான் பேரு. டாக்டர் "வலி பத்தல"ன்னா சுருக்கம் பத்தலன்னு அர்த்தம். கேக்குறவங்க இந்தப் பொண்ணு சரியா கஷ்டப்படலன்னு எடுத்துக்கறாங்க. நாங்க வயித்து மேல கைய வெச்சு 10 நிமிஷத்துக்கு எத்தன தடவ இறுகுது, ஒவ்வொண்ணும் எத்தன செகண்ட் நிக்குதுன்னு எண்ணுவோம். 3, 4 தடவ, ஒவ்வொண்ணும் 40 செகண்டுக்கு மேல நின்னா நல்ல வலி. 5க்கு மேல போனா ட்ரிப்ஸ குறைச்சிடணும் இல்ல நிறுத்திடணும், ஏன்னா கர்ப்பப்பை இறுகி இருக்கற நேரத்துல நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியா போகாது, புள்ளைக்கு மூச்சு முட்டும். கூட்டிக்கிட்டே போனா சரியாயிடும்ங்கற சமாச்சாரம் இல்ல இது.

இன்னொண்ணு, மணிக்கு 1 சென்டிமீட்டர் திறக்கணும்னு ஒரு பழைய கணக்கு இருந்துச்சு, அதையே வெச்சு எல்லாரையும் அளக்க வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனமே 2018ல சொல்லிடுச்சு. 5 சென்டிமீட்டர்லேர்ந்துதான் வேகம் பிடிக்கற கட்டம், தலைப்பிரசவத்துல அதுவே 12 மணி நேரம் வரைக்கும் போகலாம். உங்க தங்கச்சிக்கு உள்ள என்ன நிலைமை, புள்ளை ஹார்ட்பீட் எப்படி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது, அதனால ஆபரேஷன் தேவையா இல்லையான்னு நான் சொல்ல மாட்டேன்.

தசைநார்_தாமு:
அக்கா சொன்னதோட சேத்து நான் கொஞ்சம் உள்ள போறேன், நான் டாக்டர் இல்ல, பிசியாலஜி பாடம் எடுக்கறவன்.

கர்ப்பப்பை மென்தசையால ஆனது. கை கால் தசை மாதிரி நாம நினைச்சா அசையாது, அதுபாட்டுக்கு வேலை செய்யும். இதயத்துக்கு துடிப்ப ஆரம்பிச்சு வெக்க ஒரு இடம் இருக்கு, கர்ப்பப்பைக்கு அப்படி ஒரு நிரந்தர இடத்த இதுவரைக்கும் யாரும் காட்டல. பிரசவம் நெருங்கும்போது செல்லுக்கு செல் குட்டி குட்டி கதவு மாதிரி இணைப்புகள் பெருகும், கார்ஃபீல்டுங்கறவரும் அவர் குழுவும் 1977ல அதப் பத்தி எழுதினாங்க. அந்தக் கதவு வழியா மின்சார அலை பரவி எல்லா செல்லும் ஒண்ணா சுருங்கும். அலை வந்ததும் கால்சியம் செல்லுக்குள்ள பாயும், அதுதான் சுருக்கத்துக்கு சாவி. ஆக்சிடோசின் (உங்க ட்ரிப்ஸ்ல இருந்தது அதுவாத்தான் இருக்கும்) இந்த வேலைய தூண்டி விடும், அவ்வளவுதான். தசை தயாரா இல்லேன்னா தூண்டி என்ன பிரயோஜனம்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஒவ்வொரு தடவ இறுகும்போதும் இந்தத் தசை தனக்கு வர்ற ரத்தக்குழாயையே நெரிச்சுக்குது. நல்லதுக்குத்தான், குழந்தை பொறந்து நஞ்சு விழுந்தப்புறம் ரத்தப்போக்கு நிக்கறதே இந்த நெரிப்பாலதான். ஆனா பிரசவம் நடக்கும்போது நெரிச்சா தனக்கே ஆக்சிஜன் குறையும், லாக்டிக் அமிலம் சேரும், நடுவுல ஓய்வு கிடைச்சா ரத்தம் வந்து கழுவிட்டுப் போயிடும். இங்கிலாந்துல லிவர்பூல்ல சூசன் ரே, சியோபான் குவென்பி இவங்கெல்லாம் சேந்து 2004ல ஒரு ஆய்வு போட்டாங்க. சிசேரியன் நடக்கும்போது கர்ப்பப்பை தசையிலேர்ந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்துப் பாத்தாங்க. பிரசவம் முன்னேறாம நின்னு போன பெண்களுக்கு அந்த ரத்தத்துல அமிலம் அதிகம், லாக்டேட் அதிகம், ஆக்சிஜன் கம்மி. அமிலம் ஏறினா கால்சியம் சரியா உள்ள வராது, சுருக்கம் தளரும். ஓடி ஓடி தொடை எரியுமே, கிட்டத்தட்ட அந்தக் கதைதான், ஆனா நின்னு மூச்சு வாங்க முடியாத ஓட்டம்.

ரொம்ப நேரம் ஆக்சிடோசின் ஓடினா அத வாங்கிக்கற ஏற்பிகளும் குறைஞ்சு போகும், கதவத் தட்டிக்கிட்டே இருந்தா உள்ள இருக்கறவன் காதப் பொத்திக்கற மாதிரி. அதனாலதான் கூட்டக் கூட்ட பலன் கிடைக்காம போறது நடக்கும். உங்க தங்கச்சிக்கு இதான் ஆச்சுன்னு நான் சொல்லல, புள்ளையோட தலை திரும்பியிருக்கற விதத்தாலயும் நிக்கலாம். ஆனா எது காரணமா இருந்தாலும் அவ மனசு வெச்சு செய்யுற வேலை இல்ல இது, படுத்தே கிடந்தான்னு பழி போட இதுல இடமே இல்ல.

சின்னாளப்பட்டி_ரவி:
அமிலம்தான் பிரச்சனைன்னா அத முறிக்க ஏதாச்சும் குடுக்கலாமே? நெஞ்செரிச்சலுக்கு சோடா உப்பு குடிக்கற மாதிரி. என் வீட்டுக்காரம்மாவுக்கு இப்ப 8வது மாசம், அதான் கேக்கறேன்.

தசைநார்_தாமு:
ரவி நீங்க சும்மா கேட்டீங்க, ஸ்வீடன்ல நெஜமாவே செஞ்சு பாத்தாங்க. ஸ்டாக்ஹோம்ல எவா வீபெர்க் இட்செல் குழு, 2018ல வெளிவந்துச்சு, சூசன் ரேயும் அதுல உண்டு. பிரசவம் நின்னு போய் ஆக்சிடோசின் தேவைப்பட்ட 200 பெண்கள்ல பாதிப் பேருக்கு வாய்வழியா பைகார்பனேட் (நீங்க சொன்ன சோடா உப்புதான்) குடுத்து, ஒரு மணி நேரம் விட்டு அப்புறம் ட்ரிப்ஸ் ஆரம்பிச்சாங்க. மீதிப் பேருக்கு வழக்கம்போல உடனே ட்ரிப்ஸ். குடிச்சவங்கள்ல 84 சதவீதம் பேருக்கு ஆயுதம், ஆபரேஷன் எதுவும் இல்லாம தானா பொறந்துச்சு, குடிக்காதவங்கள்ல 67 சதவீதம். எனக்கு இதுல ஒரு சந்தேகம், பலன் பைகார்பனேட்டாலயா இல்ல அந்த ஒரு மணி நேர ஓய்வாலயா? ஓய்வுக்கும் பங்கு இருக்கும்னுதான் தோணுது. 200 பேர் வெச்சு உலகத்தையே மாத்திட முடியாது.

லேபர்ரூம்_அக்கா:
தம்பி ரவி, கைகூப்பி கேட்டுக்கறேன், வீட்டுல ஆப்பசோடா டப்பாவ தொடாதீங்க. அதுல சோடியம் ஜாஸ்தி, பிரஷர் இருக்கற கர்ப்பிணிக்கு கால் வீங்கி இன்னும் மோசமாகலாம். அந்த ஆய்வுல குடுத்தது ஆஸ்பத்திரியில, அளந்து, வலி நின்னு போனப்புறம். 8வது மாசத்துல முன்கூட்டியே குடிச்சு வெக்கற விஷயம் இல்ல.

நீங்க செய்ய வேண்டியது வேற. வலி ஆரம்பிச்சா நடக்க விடுங்க, மல்லாக்க படுக்க வேணாம், கூட நம்பிக்கையான பொம்பளையாள் ஒருத்தர் இருக்கட்டும், தண்ணி குடிக்கலாமான்னு டாக்டர்கிட்ட கேட்டு குடுங்க. பனிக்குடம் உடைஞ்சாலோ ரத்தம் பட்டாலோ புள்ளை அசைவு குறைஞ்சாலோ எதுக்கும் காத்திருக்காம கிளம்பிடுங்க.

சீரகத்தண்ணி_பாட்டி:
எங்க காலத்துல சீரகத் தண்ணி கொதிக்க வெச்சு குடுப்போம், அடங்குனா சூட்டு வலி, ஏறுனா நெசமான வலி. அதுக்கு மேல எங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ஆனா வலிக்கு வலி நடுவுல பொண்ண தொந்தரவு பண்ணாம விடுடின்னு எங்க ஆத்தா மருத்துவச்சிய அதட்டுனது ஞாபகம் இருக்கு. அது ஏன்னு இப்பத்தான் புரியுது சாமி.

பூங்கொடி_87:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, அந்த "வலி"க்கு ரெண்டு அர்த்தம் சொன்னீங்களே, அத அப்படியே தங்கச்சிகிட்ட படிச்சு காட்டினேன், "அப்போ எனக்கு வலிச்சது கணக்குலயே இல்லையா"ன்னு கேட்டா, கேட்டுட்டு சிரிச்சா, ஒரு மாசத்துல மொத தடவ. தாமு சார் எழுதினத அவ மாமியாருக்கு ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன், ரெண்டு நீல டிக் விழுந்துடுச்சு, பதில்தான் வரல. அடுத்த குழந்தைக்கு சுகப்பிரசவம் முயற்சி பண்ணலாமான்னு அவ கேக்கறா, அதுக்கு தனியா ஒரு பதிவு போடறேன்.